குடாநாட்டுக் கிணறுகளும் நைத்திரேற்று மாசும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் நீர் கண்டு ஓடும் வழுக்கையாறு, கோடை பிறந்ததும் வறண்ட வாய்க்காலாகிக் கிடக்கும். ஆதலின் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் பயிர் வளர்ப்பதற்கும் இந்நாட்டார் தொன்றுதொட்டு நம்பியிருப்பது கிணற்றையே. புகையிலை, வெங்காயம், மிளகாய் என்பவற்றாற் பெயர்பெற்ற தோட்டங்கள் யாவும் கிணற்று நீரால் விளைந்தவை. வீட்டுக்கு வீடு கிணறு. தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு. கோயில் வீதியிலும் கிணறு. வளவு வாங்க வருவோர் மண்ணின் தன்மையையோ மதிலின் உறுதியையோ கேட்பதற்கு முன்னர், கிணற்று நீர் நன்னீரோ உவர்நீரோ என்றே வினவுவர். ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்து, நன்னீரெனின் விலை பேசுவர்.

நாவினால் நீரைச் சோதிக்கும் இவ்வழக்கம் உவரை அறிதற்குப் போதியதே. ஆயின் நாவுக்கும் மூக்குக்கும் கண்ணுக்கும் புலனாகாத மாசு ஒன்று குடாநாட்டுக் கிணறுகளிலே பல்லாண்டுகளாகச் சேர்ந்து வருகின்றது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டதென்ற செய்தி பரவியபோது ஊரெங்கும் கிளர்ச்சி எழுந்தது; வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஆம் ஆண்டில் தீர்ப்பும் கிடைத்தது. எண்ணெய் மணக்கும், நீரின்மேற் படலமாக மிதக்கும், வாளியில் ஒட்டும். எனவே அதற்கெதிராகக் குரலெழுப்புவார் பலராயினர். நைத்திரேற்றுக்கு மணமில்லை, நிறமில்லை, குடிநீரிற் காணப்படும் அளவிற் சுவையுமில்லை. அது மிக்க நீர் பளிங்கு போலத் தெளிந்திருத்தல் கூடும். அதனாலேயே அதனைப்பற்றி ஆய்வாளர் எழுதினரேயன்றி ஊரார் பேசினாரல்லர்.

இம்மாசு கிணற்றை அடையும் வழியை அறிதற்கு முதலில் நிலத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லாலானது. வலிகாமத்திலே அதன்மேற் செம்மண் ஒரு போர்வைபோலப் படிந்துள்ளது. சில இடங்களில் அப்போர்வை மிக மெல்லியது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றினால் வருவது. செம்மண் நீரை விரைவில் உள்வாங்கும். சுண்ணாம்புக்கல் அதனைத் தன் வெடிப்புக்களிலும் குகைகளிலும் ஏற்றுக்கொள்ளும். மழைநீரிற் கரைந்த காபனீரொட்சைட்டினால் இக்கல் சிறிது சிறிதாகக் கரைந்து, பல்லாயிரம் ஆண்டுகளில் உள்ளே சுரங்கவழிகள் உண்டாயின. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறும், கடலோரத்திலே நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணியும் இச்சுரங்கவழிகளுக்குக் கண்கண்ட சான்றுகள்.

இவ்வாறு இறங்கிய நன்னீர் கீழேயுள்ள கடல்நீரின்மேல் ஒரு வில்லை வடிவில் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் நிறை குறைந்ததாதலின் இது நிகழ்வதாகும். கடல் மட்டத்துக்குமேல் நன்னீர் ஓரடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழத்துக்கு அது நிற்கும் என்பது, கீபன் என்னும் ஒல்லாந்தரும் ஹேர்ஸ்பேர்க் என்னும் ஜேர்மானியரும் தனித்தனியே கண்ட கணக்கு. நிலாவரையிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலின் காரணம் இதுவே. இதிலிருந்து பெறப்படும் செய்தி ஒன்றுண்டு. பிற நாடுகளில் மேல்நீர் கெட்டால் இன்னும் ஆழமாகத் தோண்டித் தூய நீரை எடுப்பர். குடாநாட்டாருக்கு அவ்வழி அடைபட்டுள்ளது. ஆழத் தோண்டினாற் கிடைப்பது உப்பு நீர். மேலே மிதக்கும் அவ்வொரு வில்லையே இங்குள்ள செல்வம் முழுவதும். தோட்டக்காரன் இடும் பசளையும், வீட்டுக் கழிவுக்குழியில் ஊறும் நீரும் இறங்குவதும் அவ்வில்லையினுள்ளேதான்.

பசளையின் கதையை முதலில் நோக்கலாம். பயிருக்கு இன்றியமையாத மூலகங்களுள் நைதரசன் முதன்மையானது. முன்னாளில் அதனைத் தோட்டத்துக்கு அளித்தவை மாட்டெருவும் ஆட்டெருவும் பசுந்தழையுமாம். தோட்டத்திலே ஆடு மாடுகளைப் பட்டியடைத்து வைத்தனர். பூவரசு முதலியவற்றின் குழையை வெட்டிச் சுமந்து வந்து மண்ணிலே தாழ்த்தனர். இவை மெல்ல உக்கி, பயிர் வேண்டும்போது வேண்டுமளவு நைதரசனை விடுத்தன. அக்காலத்தில் நீர் இறைத்ததும் துலாவினாலே. இருவர் துலா மிதிக்க ஒருவர் பட்டை பிடிக்க, விடியற்காலை தொடங்கி வெயில் ஏறும்வரை இறைத்தாலும் நனைந்த நிலம் சிறிதே. மனித உழைப்பே நீர்ச் செலவுக்கு ஓர் எல்லையை இட்டிருந்தது. பின்னர் மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. அதனோடு அமோனியம் சல்பேற்றும், பின்னர் யூரியாவும் வந்தன. இரண்டும் உழைப்பைக் குறைத்தன, விளைவைப் பெருக்கின. அவற்றைக் குறை கூறுதல் எளிது. ஆயின் துலா மிதித்தவனின் முதுகுநோவை அறிந்தார் எவரும் இயந்திரத்தைப் பழியார்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. மண்ணில் இட்ட யூரியா சில நாட்களுள் அமோனியமாக மாறும். அமோனியத்தை நைத்திரோசோமோனாசு முதலிய பற்றீரியங்கள் நைத்திரைற்றாகவும், அதனை நைத்திரோபற்றர் முதலியன நைத்திரேற்றாகவும் மாற்றும். அமோனியம் நேரேற்றம் உடையது. களித்துணிக்கைகள் எதிரேற்றம் உடையவை. ஆதலின் மண் அமோனியத்தைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும். நைத்திரேற்றோ தானும் எதிரேற்றம் உடையது. மண் அதனைப் பிடிப்பதில்லை. நீர் சென்ற வழியே அதுவும் செல்லும். வெங்காயத்தின் வேரோ ஆழமின்றி மேல்மண்ணிலேயே பரவி நிற்பது. அவ்வேரைத் தாண்டி இறங்கிய நைத்திரேற்று மீண்டும் பயிருக்கு எட்டுவதில்லை. பொதுவாக, இட்ட நைதரசனில் ஏறக்குறையப் பாதியையே பயிர் எடுத்துக்கொள்ளும் என்பர். எஞ்சியதில் ஒரு பகுதி வளியிற் கலக்கும்; ஒரு பகுதி மண்ணின் சேதனப் பொருளிற் சேரும்; மற்றையது கீழிறங்கும்.

கீழிறங்கியது எங்கே செல்கின்றது? தோட்டத்தின் நடுவேயுள்ள கிணற்றுக்கே மீளுகின்றது. கிணற்றிலிருந்து இறைத்த நீரைப் பாத்திக்கு விடுகின்றனர். பயிருறிஞ்சியதும் வெயில் குடித்ததும் போக, மிகுந்த நீர் பசளையைக் கரைத்துக்கொண்டு மீண்டும் நிலத்தடி நீரோடு சேர்கின்றது. அதனையே மறுவாரம் திரும்பவும் இறைக்கின்றனர். ஒவ்வொரு சுற்றிலும் ஆவியாவது தூய நீர் மட்டுமே. கரைந்த பொருள் எஞ்சி நிற்கும். இவ்வாறு தோட்டக் கிணறு, அடுப்பில் வைத்த பாத்திரம் வற்றுவதுபோல, ஆண்டாண்டாகச் செறிவடைகின்றது. 1983 ஆம் ஆண்டில் மகேஸ்வரன், மகாலிங்கம் என்போரும், 1988 இல் நாகராசாவும் அவருடன் உழைத்தோரும் வெளியிட்ட ஆய்வுகள், செறிவாகப் பயிர் செய்யப்படும் இடங்களின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிக்கிருத்தலை அக்காலத்திலேயே எடுத்துக்காட்டின.

குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதனை நைதரசனாகக் கணிப்பின் 11.3 மில்லிகிராம் ஆகும். இவ்வரையறையை வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தல் பயனுடைத்து. ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்கு விழும் மழை ஏறக்குறைய 50 இலட்சம் இலீற்றர். அதில் மூன்றிலொரு பங்கு நிலத்தடிக்குச் சேர்வதாகக் கொண்டால் 17 இலட்சம் இலீற்றர் சேரும். இந்நீர் முழுவதையும் வரையறையின் விளிம்புக்குக் கொண்டுவருதற்கு வேண்டிய நைதரசன் 19 கிலோகிராம் மட்டுமே. ஒரு மூடை யூரியா 50 கிலோகிராம். அதிலுள்ள நைதரசன் 23 கிலோகிராம். எனவே ஓர் ஏக்கரின் கீழுள்ள ஓராண்டு மழைநீரைக் கெடுத்தற்கு, வேருக்குத் தப்பி இறங்கிய ஒரு மூடை யூரியாவே மிகையாகும். ஏக்கருக்கு ஒரு போகத்திலேயே பல மூடை இட்டு, ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் செய்யும் இடத்தில் நிலை யாதாகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்வளவில் நின்றுவிட்டால் குற்றம் முழுவதும் தோட்டக்காரன் தலையில் ஏறும். பட்டினத்தார் பலர் அவ்வாறே எண்ணியிருக்கின்றனர். அதே கணக்கை வீட்டு வளவுக்கும் போடுதல் நீதியாகும்.

வளர்ந்த மனிதன் ஒருவன் உண்ணும் புரதத்திலுள்ள நைதரசன், சிறிதும் குறையாமல் அவன் உடலினின்று வெளியேறும். பெரும்பகுதி சிறுநீரிலும் எஞ்சியது மலத்திலுமாக, ஆண்டுக்கு ஒருவருக்கு மூன்று அல்லது நான்கு கிலோகிராம் எனக் கொள்ளலாம். ஐவர் வாழும் வீட்டிலே அது 15 முதல் 20 கிலோகிராம். அஃதாவது, ஒரு குடும்பம் ஆண்டுதோறும் ஒரு மூடை யூரியாவுக்குச் சற்றே குறைந்த நைதரசனைத் தன் கழிவுக்குழியில் இடுகின்றது. பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். யாழ்ப்பாண நகரிலே இரண்டு பரப்புக் காணியில் வீடு கட்டி வாழ்வோர் எண்ணற்றோர். ஏக்கருக்கு 19 கிலோகிராம் தாங்கும் நிலம் இரண்டு பரப்பிலே தாங்குவது 2.4 கிலோகிராம் மட்டுமே. அதன்மேல் 15 முதல் 20 கிலோகிராம் இறங்குகின்றது. ஒட்சிசன் அற்ற இடங்களிலே சில பற்றீரியங்கள் நைத்திரேற்றைச் சிதைத்து நைதரசன் வாயுவாக வெளிவிடுவதுண்டு. அவ்வாறு பாதி போயிற்று என வைத்துக்கொண்டாலும், எஞ்சியது நிலம் தாங்கும் அளவைப்போல் மூன்று நான்கு மடங்காகும். வீதியும் வெறுங்காணியும் இடையிடையே இருத்தலால் நகர் முழுவதற்கும் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. எனினும் வெங்காயம் ஒரு பிடியேனும் நடாத வீட்டுக் கிணற்றிலும் நைத்திரேற்று மிக்கிருத்தலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இங்கே வரலாறு செய்த வேடிக்கை ஒன்றும் உண்டு. வாளி மலசலகூடம் இருந்த காலத்திலே கழிவு நாள்தோறும் வளவைவிட்டு வெளியே சென்றது. அத்தொழில் ஒரு சில மக்கள்மேற் சுமத்தப்பட்ட இழிந்த கொடுமை. அது ஒழிந்தது நன்றே. அதன் இடத்தை நீரடைப்பு மலசலகூடம் பிடித்தது. ஈயும் நாற்றமும் அகன்றன. கொழுக்கிப்புழு முதலிய நோய்களும் குறைந்தன. ஆயின் கழிவு வளவுக்குள்ளேயே தங்கிற்று. கண்ணுக்கு மறைந்தமையால் அது இல்லையென்று ஆகிவிட்டதுபோல் மக்கள் எண்ணினர். குழி நிரம்பாமல் இருந்தால் நல்ல குழி என்று மேசனைப் புகழ்வோர் இன்றும் உளர். பல்லாண்டாக நிரம்பாத குழி யாதெனின், அடியிலே கல்வெடிப்பு உள்ள குழியாகும். அதன் நீர் வெடிப்பு வழியே நேராக நிலத்தடி நீரை அடைகின்றது.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையே இத்தனை அடி தூரம் வேண்டும் என்று கட்டட விதிகள் கூறும். மணற்பாங்கான நிலத்தில் இவ்விதி நன்கு பயன்படும். நீர் மணலினூடே மெல்லச் செல்லுகையில் நோய்க்கிருமிகள் வடிகட்டப்பட்டும் நாள்கடந்தும் இறந்தொழியும். சுண்ணாம்புக்கல்லிலோ நீர் வடியவில்லை, ஓடுகின்றது. பல நாட்களிற் செல்லவேண்டிய தூரத்தை ஒரு மாரியிரவிலே கடந்துவிடுதல் கூடும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து குழியின் அடியைத் தொடும்போது இடர் இன்னும் பெருகும். யாழ்ப்பாண மாவட்டத்திலே நெருப்புக்காய்ச்சல் இலங்கையின் பிற பகுதிகளினும் மிகுதியாகக் காணப்பட்டு வந்தமையை மருத்துவர் நன்கறிவர். கிருமியைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். குளோரீன் இட்டும் கொல்லலாம். நைத்திரேற்றுக்கு இவ்விரண்டும் பயன்படா. கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகி, எஞ்சிய நீரிலே அது செறிந்து மிகும். வீட்டில் வைக்கும் சாதாரண வடிகட்டியும் அதனைத் தடுக்காது. பின்னோக்கிய பிரசாரண முறையால் இயங்கும் கருவி அதனை நீக்க வல்லது.

கொதித்தாறிய நீர் தூயது என்ற நம்பிக்கை தாய்மாரிடையே ஆழ வேரூன்றியது. கிருமியைப் பொறுத்தவரை அது சரியானதே. நைத்திரேற்று முதலில் தாக்குவது பால்மா குடிக்கும் கைக்குழந்தையையாதலின், இந்நம்பிக்கையின் எல்லையை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். 1945 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்லி என்னும் மருத்துவர், உடல் நீலம் பாரித்த கைக்குழந்தைகளைக் கண்டார். இருதயக் குறைபாடோவென ஐயுறத்தக்க நிலை அது. ஆராய்ந்தபோது, அக்குழந்தைகளுக்குப் பால் கரைத்த கிணற்று நீரிலே நைத்திரேற்று மிக்கிருந்தமை புலப்பட்டது. சில மாதக் குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு. ஆதலின் அங்கே பற்றீரியங்கள் பெருகி நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றும். நைத்திரைற்று குருதியில் ஏறி, ஈமோகுளோபினிலுள்ள இரும்பை ஒட்சியேற்றும். அவ்வாறு மாறிய ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமவாது. குழந்தை மூச்சுவிட்டுக்கொண்டே மூச்சுத் திணறும். உதடும் நகமும் நீலமாகும். உரிய காலத்திற் சிகிச்சை கிட்டாவிடின் உயிருக்கும் ஆபத்து. தாய்ப்பால் மட்டுமே அருந்தும் குழந்தைக்கு இவ்வச்சம் இல்லை எனலாம். தாய் பருகும் நீரின் நைத்திரேற்று பாலிலே மிகச் சிறிதளவே சேரும். வளர்ந்தோருக்கு இந்நோய் எளிதில் வாராது. எனினும் நைத்திரைற்று வயிற்றினுள்ளே சில சேர்வைகளாக மாறும் நிலையில், உட்கொண்ட நைத்திரேற்று புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2010 இல் வெளியிட்ட நூலில் வகுத்துள்ளது.

பீடைநாசினியும் களைநாசினியும் வேறொரு பெரிய அதிகாரம். ஈண்டு ஒரு சொல்லே அமையும். அவற்றுட் பல மண்ணிலே ஒட்டிக்கொள்வனவும் காலத்தாற் சிதைவனவுமாதலின், நைத்திரேற்றுப்போல் எளிதில் இறங்கா. அவை கிணற்றை அடைவது பெரும்பாலும் மனிதரின் கவனக்குறைவால். மருந்தடிக்கும் தாங்கியைக் கிணற்றுக்கட்டிலே வைத்துக் கழுவுவதும், வெறும் போத்தலைக் கிணற்றடியில் எறிவதும் நாளும் காணும் காட்சிகள். கிணற்றைவிட்டு முப்பது பாகம் தள்ளிக் கழுவினாலே இத்தீங்கிற் பெரும்பகுதி நீங்கிவிடும். அதற்குப் பணமும் வேண்டா, சட்டமும் வேண்டா.

தடுக்கும் வழிகளை எண்ணும்போது, முற்றாகத் தடைசெய்தலே வழியென்று எண்ணுவார்க்கு இரண்டு அனுபவங்கள் கண்முன் உள. போர்க்காலத்திலே, 1990 ஆம் ஆண்டுக்குப் பின்னர், யூரியா வெடிமருந்துக்குப் பயன்படுமென்ற காரணத்தால் வடபகுதிக்குக் கொண்டுவரத் தடையிருந்தது. மீண்டும் 2021 ஆம் ஆண்டிலே செயற்கைப் பசளையின் இறக்குமதியை நாடு முழுவதற்கும் அரசு நிறுத்தியது. விளைச்சல் வீழ்ந்து உழவர் கொதித்தெழவே, அவ்வாண்டின் இறுதிக்குள் தடை நீங்கிற்று. இருமுறையும் உழவனுக்குப் பசளை கிடையாமற் போயிற்றேயன்றி, அதனை அளவறிந்து இடும் முறையை எவரும் அவனுக்குக் கற்பித்திலர். தடை நீங்கியதும் பழைய அளவே திரும்பிற்று. இயற்கைப் பசளையாயின் எவ்வளவு இட்டாலும் தீங்கில்லை என்போர் கூற்றும் ஏற்கத்தக்கதன்று. கிணற்றருகே குவித்த கோழியெருவிலிருந்து மழையோடு இறங்குவதும் அதே நைத்திரேற்றுத்தான். ஐரோப்பிய நாடுகள் 1991 ஆம் ஆண்டில் இயற்றிய நைத்திரேற்றுச் சட்டம், மாசுக்கு ஆளாகும் பகுதிகளில் ஒரு எக்ரயர் நிலத்துக்கு ஆண்டுக்கு 170 கிலோகிராம் நைதரசனுக்கு மேல் விலங்கெருவாக இடலாகாது என்று வரையறுத்தமை நோக்கத்தக்கது. டென்மார்க்கு நாடு 1987 இலேயே, கசியும் நைதரசனைப் பாதியாகக் குறைப்பதெனத் திட்டமிட்டு, ஒவ்வொரு பண்ணையும் பசளைக் கணக்கு எழுதி வைத்தலை நடைமுறையாக்கியது.

குடாநாட்டுத் தோட்டக்காரனும் எழுதிப் பார்க்கத்தக்க கணக்கு ஒன்றுண்டு. அவன் கைப்பணத்தை மிச்சப்படுத்துவதால் அதனை அவன் கேட்கவும் கூடும். வரையறையின் விளிம்பிலுள்ள கிணற்று நீரில், அஃதாவது 50 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள நீரில், 20 இலட்சம் இலீற்றரை ஒரு போகத்துக்கு ஓர் ஏக்கரில் இறைத்தால், அந்நீரோடு 23 கிலோகிராம் நைதரசன் பயிருக்குச் செல்கின்றது. அது சரியாக ஒரு மூடை யூரியா. நைத்திரேற்று அதனிலும் இருமடங்கான கிணற்றிலே இரண்டு மூடை. இப்பசளை அவன் முன்னர்க் காசு கொடுத்து வாங்கி, வேருக்குக் கீழே இழந்ததேயாகும். நீரைச் சோதித்து, அதிலுள்ளதைக் கழித்து, எஞ்சியதை மட்டும் கடையில் வாங்கினால் பணமும் மிஞ்சும். கிணறும் சிறிது சிறிதாகத் தெளியும். மண் பரிசோதனையைப்பற்றிப் பேசும் விவசாயப் போதனாசிரியர்கள் நீர்ப் பரிசோதனையையும் அதனோடு சேர்த்துரைப்பின் நன்று.

ஏனைய முறைகள் முன்பே அறிந்தவை. மேற்கட்டுப் பசளையை ஒரே முறையிற் கொட்டாது பலமுறை பிரித்து இடுதல். மழை இருண்டு வரும் நாளில் இடாதிருத்தல். பாத்தியிலே வெள்ளம் நிறுத்தாமல் துளிநீர் அல்லது தூவல் முறையைக் கையாளுதல். போகத்துக்கும் போகத்துக்கும் இடையே சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் உழுது தாழ்த்தல். மாரி தொடங்கும்போது நிலம் வெறுமையாகக் கிடந்தால் மண்ணில் எஞ்சிய நைத்திரேற்று முதல் மழையோடே இறங்கிவிடும். ஏதேனும் ஒரு பயிர் நின்றால் அதனைப் பிடித்துக்கொள்ளும்.

வீட்டுக் கழிவுக்கு வழி காணுதல் இதனிலும் கடினம். நகர் முழுவதற்கும் நிலக்கீழ்க் குழாய் அமைத்துக் கழிவைத் திரட்டிச் சுத்திகரித்தலே நிலையான வழி. யாழ்ப்பாண நகரிலே அத்தகைய அமைப்பு இன்றுவரை உருவாகவில்லை. அதுவரை செய்யத்தக்கது, அடியும் பக்கமும் நீர் புகாதபடி சீமெந்தால் அடைத்த இரண்டறை மலக்கழிவுத் தொட்டியைக் கட்டி, உரிய காலத்திற் கழிவு உறிஞ்சும் பவுசரைக்கொண்டு மண்டியை அகற்றுவதாகும். இதனால் கிருமியும் திண்கழிவும் தடைப்படும். ஆயின் நைதரசனின் பெரும்பகுதி நீரிற் கரைந்து தொட்டியைக் கடந்து வந்துவிடும் என்பதை மேசன்மார் அறியார். அந்நீரை ஆழக்குழியில் இறக்காமல், மேல்மண்ணிலே அகன்ற ஆழங்குறைந்த படுக்கைகளில் விட்டு, வாழையும் கல்வாழையும் நட்டால், அவை அதிற் பெரும்பங்கைப் பசளையாக உண்ணும். அடுக்களைப் பின்புறத்து வாழைக்கு எச்சில்நீர் விட்ட முன்னோர் செய்ததும் ஒருவகையில் இதுவே. குழி வெட்டுகையில் கல் தெரிந்ததும் நிறுத்துவது மற்றொரு நல்ல விதி. கல்லை உடைத்து இன்னும் ஆழமாக்குவதே இன்று வழக்கமாயுள்ளது.

மழைநீரை மிகுதியாக உள்ளே செலுத்தினால் மாசின் செறிவு குறையும் என்பதும் வெளிப்படை. குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள் இருந்தன எனக் கணக்கிட்டுள்ளனர். அவற்றுட் பல தூர்ந்தும், சில வீதியாகவும் கட்டடமாகவும் மாறியும் போயின. எஞ்சிய சில குப்பை கொட்டும் இடமாயின. குப்பை நிறைந்த குளத்தைத் தூர்வாராது மழைநீர் செலுத்துதல் மாசையே செலுத்துதலாம். தொண்டைமானாற்றிலே 1953 இல் கட்டப்பட்ட தடுப்பணையும், பொறியியலாளர் ஆறுமுகம் 1954 இல் வகுத்த யாழ்ப்பாணத்துக்கொரு நதி என்னும் திட்டமும், கடலுக்கு வீணே செல்லும் மழைநீரைக் கடனீரேரிகளிலே தேக்க எண்ணியவை. அவற்றின் கதை நெடியது; அது தனியே எழுதத்தக்கது.

தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. குழாய் நீர் எட்டிய வீடுகளிலே குடிநீர் பற்றிய கவலை பெரிதும் தணியும். குழாய் வந்தபின் கிணறு குளிக்கவும் கழுவவும் மட்டுமென்றாகி, அதன் அருகே குழி வெட்டுவோரைத் தடுக்கும் எண்ணமும் அயலாருக்கு இல்லாமற் போகலாம். தோட்டங்களோ வேறெந்த நீரையும் அறியா. குழாய் எட்டாத ஊர்களும் பல. அவ்வூர்களிலே கிணற்று நீரை ஆண்டுக்கு இருமுறை, மாரி முடிந்த தை மாதத்திலும் நீர் வற்றிய ஆவணியிலும், சோதித்தல் வேண்டும். மாரியிலே மேல்மண்ணின் நைத்திரேற்று கழுவுண்டு இறங்குவதாலும் கோடையிலே நீர் வற்றிச் செறிவதாலும் ஒருமுறைச் சோதனை போதாது. எல்லாக் கிணறுகளையும் ஒருங்கே சோதிக்க இயலாதவிடத்து, கருவுற்ற தாயோ ஆறு மாதம் நிரம்பாத குழந்தையோ உள்ள வீட்டுக் கிணற்றை முதலிற் சோதித்தல் தகும். அளவு மிக்கிருப்பின், குழந்தைக்குப் பால்மா கரைக்க மட்டுமேனும் வேறு நீர் கொண்டுவருதற்குக் குடும்பநல உத்தியோகத்தரும் பிரதேச சபையும் வழிசெய்தல் இயலும். ஒரு குழந்தைக்கு வேண்டிய நீர் நாளொன்றுக்கு ஓர் இலீற்றர் அளவே.